கோமாளிக்கு வேண்டியது இரக்கமா?

லண்டன் நகரம். 1914-ம் ஆண்டு கோடைக்காலம். மாலை நேரம்.

ஒரு கிழவன் தள்ளாடித் தள்ளாடி வீட்டுக்கு வருகிறான். நன்றாகக் குடித்திருக்கிறான். வாசற்கதவின் பூட்டுத் துவாரத்தில் சாவியை நுழைக்கப் பார்க்கிறான். சாவி ஒரு பக்கம் போகிறது. துவாரம் ஒரு பக்கம் நிற்கிறது. வெகு நேரம் போராடி ஒருவழியாக உள்ளே நுழைகிறான்.

உள்ளே ஏதோ நாற்றம்! மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறான். தெருவில் எதையாவது மிதித்துவிட்டோமோ என்று சந்தேகம். ஒரு காலைத் தூக்கி, பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்க்கிறான்.

படம் பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அடுத்த நிமிடமே சிரிப்பு நின்றுவிடுகிறது. ஏன்?

அது கேஸ் நாற்றம். பூட்டிய அறைக்குள் ஒரு இளம்பெண், உயிரை விடத் துணிந்து, கேஸைத் திறந்துவிட்டு மயங்கிக் கிடக்கிறாள். குடிகாரக் கிழவன் கதவை உடைக்கிறான். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான்.

சார்லி சாப்ளினின் "லைம்லைட்" படம் இப்படித்தான் ஆரம்பமாகிறது. 1952-ம் ஆண்டு வெளிவந்த படம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்றும் பார்க்கலாம். இன்றும் சிரிக்கலாம். இன்றும் அழலாம். ஆனால் ஆரம்பக் காட்சி இப்படிப்பட்டது என்பதால், சிறு பிள்ளைகள் பார்க்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நல்லது.

இந்தப் படத்தைப் பற்றி இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. கலைஞர்கள் வயதாகி, வாய்ப்பு இழந்து, கஷ்டப்படுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் "ஐயோ பாவம்" என்கிறோம். உதவி நிதி திரட்டுகிறோம். அது தவறு அல்ல. ஆனால் அந்த "ஐயோ பாவம்" கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அதை இந்தப் படம் சொல்வதுபோல் வேறு எந்தப் படமும் சொன்னது இல்லை என்பது நமது கருத்து.

சுண்ணாம்பு வெளிச்சம்

முதலில் படத்தின் பெயர். "லைம்லைட்" என்றால் என்ன?

மின்சார விளக்கு வருவதற்கு முன்னால், மேலைநாட்டு நாடக மேடைகளில் ஒரு விசேஷ விளக்கு இருந்தது. பிராண வாயுவையும் ஹைட்ரஜன் வாயுவையும் சேர்த்து எரிப்பார்கள். அந்தக் கடும் சூட்டில் சுண்ணாம்புக் கட்டி ஒன்றைக் காட்டுவார்கள். சுண்ணாம்பு கண்ணைக் கூசும் வெள்ளை ஒளியுடன் பிரகாசிக்கும். ஒரு ஆள் உட்கார்ந்து அந்த ஒளியைத் திருப்பித் திருப்பி, முக்கிய நடிகர் போகும் இடமெல்லாம் அவர்மேல் அடிப்பான்.

யார்மேல் அந்த வெளிச்சம் விழுகிறதோ, அவரைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். வெளிச்சம் நகர்ந்துவிட்டால்? அங்கேயே நின்றுகொண்டிருந்தாலும் ஆளைத் தெரியாது. இருட்டு.

கிழவனின் பெயர் கல்வேரோ. ஒரு காலத்தில் லண்டனையே சிரிக்க வைத்த கோமாளி. நம் ஊர் நாடகக் கொட்டகைகளில் "பபூன்" என்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. பாட்டு, ஆட்டம், குட்டிக்கரணம், வேடிக்கைப் பேச்சு என்று அடுத்தடுத்து நிகழ்ச்சிகள் நடக்கும் "மியூசிக் ஹால்" கொட்டகைகளில் அவன் பெயரைப் போட்டாலே கூட்டம் வந்த காலம் இருந்தது. இப்போது வேலை இல்லை. பழைய நோட்டீசுகள் சுவரில் தொங்குகின்றன. பாட்டில் துணையாக இருக்கிறது.

அவன் காப்பாற்றிய பெண்ணின் பெயர் தெரசா. சுருக்கமாக டெர்ரி. நடனக்காரி. அவளால் நடக்க முடியவில்லை. கால் விளங்கவில்லை.

ஆனால் நோய் காலில் இல்லை. மனதில் இருக்கிறது. சிறு வயதில் அவள் நடனம் கற்றுக்கொள்ளப் பணம் கொடுத்தவள் அக்காள். அந்த அக்காள் தெருவில் நின்று, மானத்தை விற்றுச் சம்பாதித்த பணம் அது என்று ஒருநாள் தெரிந்துபோகிறது. அன்றிலிருந்து ஆடுவது என்றாலே அவள் நெஞ்சுக்குள் குற்ற உணர்ச்சி. கால்கள் மரத்துவிட்டன.

கல்வேரோ அவளுக்குச் சமைத்துப் போடுகிறான். மருந்து கொடுக்கிறான். வேடிக்கை காட்டுகிறான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசுகிறான். உயிர் வாழ்வதே பெரிய பாக்கியம் என்று ஒரு மணி நேரம் பேசுகிறான்!

இங்கே ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். பேசும் படம் 1927-ல் வந்தபிறகும், பதிமூன்று ஆண்டுகள் வாயைத் திறக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர் சாப்ளின். 1940-ல்தான் படத்தில் முழுக்கப் பேசினார். அத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் இந்தப் படத்தில் கொட்டிவிட்டாரோ என்று தோன்றுகிறது. நடுவில் கொஞ்சம் வெட்டியிருந்தால் படம் கெட்டுப்போயிருக்காது.

அந்த ஊமைப் பட சாப்ளினின் சின்ன மீசை, வட்டத் தொப்பி, தொளதொள கால்சட்டை, வளைந்த கைத்தடி எல்லோருக்கும் தெரியும். "லைம்லைட்" படத்தில் அந்த நாடோடி வேஷம் கிடையாது. நரைத்த தலையோடு, பூச்சு இல்லாத முகத்தோடு ஒரு முதியவராக வருகிறார். அந்த முகத்தைப் பார்க்கவே படம் பார்க்கலாம்.

தாயின் தொண்டை கம்மியது!

கல்வேரோவின் கதையைச் சாப்ளின் எங்கிருந்து எடுத்தார்? தன் வீட்டிலிருந்தே எடுத்தார்.

சாப்ளின் 1889-ல் லண்டனில் பிறந்தார். தந்தை மியூசிக் ஹால் பாடகர். நல்ல பெயர் வாங்கியவர். குடித்துக் குடித்து 1901-ல் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 38தான்.

தாய் ஹன்னாவும் மேடைப் பாடகி. அவருடைய குரல் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. 1964-ல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில் சாப்ளின் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்.

அப்போது சாப்ளினுக்கு ஐந்து வயது. ஆல்டர்ஷாட் என்ற ஊரில் ஒரு கொட்டகை. சோல்ஜர்கள் நிறைய வரும் இடம். தாய் பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. கம்மிப் போன தொண்டையிலிருந்து காற்றுத்தான் வருகிறது. கூட்டம் சிரித்தது. ஊளையிட்டது. தாய் மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

மானேஜருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பையனின் கையைப் பிடித்து மேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

பையன் பாடினான். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. காசு எறிந்தார்கள். உடனே பையன் பாட்டை நிறுத்திவிட்டான். முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், அப்புறம் பாடுகிறேன் என்று அறிவித்தான்! கொட்டகை சிரித்தது. மானேஜர் கைக்குட்டையுடன் வந்து காசைப் பொறுக்க உதவினார். பையனுக்குச் சந்தேகம்: இந்த ஆள் காசை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ? அவர் பின்னாலேயே போனான். காசு தாயின் கைக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் திரும்பி வந்தான். இன்னும் பெரிய சிரிப்பு.

பிறகு அவன் ஒவ்வொருவரையும் போலப் பாடிக் காட்டினான். தாயைப் போலவும் பாடினான். எப்படி? தாயின் குரல் உடைந்ததே, அந்த உடைந்த குரலையும் அப்படியே சேர்த்துப் பாடினான்! குழந்தைக்கு என்ன தெரியும்? ஜனங்கள் கைதட்டினார்கள். மேலும் காசு விழுந்தது.

அன்று இரவுதான் அவர் முதன்முதலாக மேடை ஏறினார். அவருடைய தாய்க்கு அதுவே கடைசி மேடை.

வாசகர்களே, ஒரே இரவு. ஒரே கொட்டகை. ஒரே கூட்டம். அதே உடைந்த குரல் தாயின் தொண்டையிலிருந்து வந்தபோது ஊளையிட்டார்கள். மகனின் தொண்டையிலிருந்து வந்தபோது காசு எறிந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் வறுமையில் விழுந்தது. ஏழைகளுக்கான விடுதியில் போய்ச் சேரும் நிலை வந்தது. தாய்க்குப் புத்தி பேதலித்தது. மகன் பெரிய நடிகராகி, 1921-ல் தாயை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு போய், 1928-ல் அவர் இறக்கும் வரை வைத்துக் காப்பாற்றினார். ஆனால் அந்த மேடையைத் தாய்க்குத் திருப்பிக் கொடுக்க அவராலும் முடியவில்லை.

தாயும் தந்தையும் மட்டும் அல்ல. மார்சலீன் என்று ஒரு கோமாளி. 1900-ம் ஆண்டு லண்டனில் அவர் கொடிகட்டிப் பறந்தபோது, சிறுவன் சாப்ளின் அதே நாடகத்தில் பூனை வேஷம் போட்டவன். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு பெரிய சர்க்கஸில், ஓடித்திரியும் பல கோமாளிகளில் ஒருவராக, யாரும் கவனிக்காமல் நிற்கும் மார்சலீனைச் சாப்ளின் பார்த்தார். 1927-ல் அந்த மனிதர் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். பிராங்க் டின்னி என்று இன்னொரு நடிகர். அமெரிக்காவில் பிரமாதமாகச் சிரிக்க வைத்தவர். சில ஆண்டுகள் கழித்துச் சாப்ளின் பார்த்தபோது மேடையில் கூச்சப்பட்டு நின்றார். சிரிப்பு அவரை விட்டுப் போய்விட்டிருந்தது. இந்தப் படத்தின் எண்ணம் தனக்கு வந்ததே அவரைப் பார்த்துத்தான் என்று சாப்ளின் எழுதியிருக்கிறார்.

காலி நாற்காலிகள்

மறுபடியும் கதைக்கு வருவோம்.

கல்வேரோ ஒரு கனவு காண்கிறான். கனவில் மேடை ஏறி, தெள்ளுப்பூச்சிகளைப் பழக்கி வித்தை காட்டுகிறான். பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கையையும் கண்ணையும் வைத்துக்கொண்டு, பூச்சி தாவுகிறது, ஓடுகிறது, சட்டைக்குள் புகுந்துவிட்டது என்று நம்ப வைக்கிறான். நமக்கே உடம்பு அரிக்கிறது! ஆட்டம் முடிந்து வணங்குகிறான். நிமிர்ந்து பார்க்கிறான்.

கொட்டகை முழுவதும் காலி. ஒரு ஆள்கூட இல்லை. திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறான்.

சில நாளில் அந்தக் கனவு பலிக்கிறது. ஒரு கொட்டகையில் சிறு வாய்ப்புக் கிடைக்கிறது. தன் சொந்தப் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ள முடியாத வாய்ப்பு. மேடை ஏறுகிறான். பாடுகிறான். ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள்.

பிறகு வேஷம் கலைக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து, முகத்துப் பூச்சைத் துடைக்கிறான். பேச்சு கிடையாது. பூச்சுப் போகப் போக, உள்ளே இருக்கும் கிழட்டு முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. படத்தில் உள்ள அத்தனை வசனமும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது.

வீட்டுக்கு வந்து டெர்ரியிடம் அழுகிறான். இத்தனை நாள் தனக்குத் தைரியம் சொன்ன மனிதன் அழுகிறானே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் சொன்ன புத்திமதியையெல்லாம் அவனுக்கே திருப்பிச் சொல்கிறாள். சத்தம் போட்டுச் சொல்கிறாள். சொல்லிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று தெரிகிறது: தான் எழுந்து நிற்கிறோம்! நடக்கிறோம்!

அவனை எழுப்பப் போனவள் தானே எழுந்துவிட்டாள்.

பொத்தானைத் தேடிய கிழவன்

இதற்குப் பின் டெர்ரிக்கு ஏறுமுகம். கல்வேரோவுக்கு இறங்குமுகம்.

பெரிய கொட்டகையில் டெர்ரிக்கு முக்கிய நடன வேடம் கிடைக்கிறது. அவள் சிபாரிசில் அதே நாட்டியத்தில் கல்வேரோவுக்கும் ஒரு கோமாளி வேடம். முதல் நாள் இரவு மேடை ஏறும் நேரத்தில் டெர்ரியின் கால் மறுபடியும் மரத்துவிடுகிறது. ஆட முடியாது என்று அலறுகிறாள். கல்வேரோ பளார் என்று கன்னத்தில் அறைகிறான். அந்த அதிர்ச்சியில் மேடைக்கு ஓடுகிறாள். ஆடுகிறாள்!

அவள் ஆடிக்கொண்டிருக்கும்போது, மேடைக்குப் பின்னால், ஒருவரும் பார்க்காத மூலையில் கிழவன் மண்டி போடுகிறான். கடவுள் நம்பிக்கை அதிகம் உள்ள ஆசாமி அல்ல. யாராக இருந்தாலும் சரி, அவளைக் காப்பாற்று என்று வேண்டுகிறான். அந்த நேரம் பார்த்துக் கொட்டகை வேலையாள் ஒருவன் வந்துவிடுகிறான். கல்வேரோவுக்கு வெட்கம். பொத்தான் ஒன்று விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்று சமாளிக்கிறான்.

சிரிப்பதா, அழுவதா? இதற்குப் பெயர்தான் சாப்ளின்.

டெர்ரி வெற்றி பெற்றுவிட்டாள். ஆனால் கோமாளி வேடம் எடுபடவில்லை. கோமாளியை மாற்று என்று முதலாளி உத்தரவு போடுகிறார். அந்தக் கோமாளி கல்வேரோதான் என்று அவருக்குத் தெரியாது. கல்வேரோவுக்கு விஷயம் எப்படித் தெரிகிறது? பழைய தோழன் ஒருவன், அவனும் கோமாளி, கொட்டகைக்கு வந்து, தனக்கு இங்கே வேலை கிடைக்கப் போகிறது என்று கல்வேரோவிடமே சந்தோஷமாகச் சொல்கிறான்!

கல்வேரோ கோபப்படவில்லை. வாழ்த்தி அனுப்புகிறான்.

டெர்ரி கல்வேரோவைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்கிறாள். நன்றியோ, அன்போ, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அவள் முன்பு ஒரு காகிதக் கடையில் வேலை பார்த்தபோது மனதுக்குள் விரும்பிய ஏழை இசைக்கலைஞன் நெவில், இப்போது பெயர் வாங்கித் திரும்பி வந்திருக்கிறான். அவர்கள் இருவரும்தான் பொருத்தம் என்பது கல்வேரோவுக்குத் தெரிகிறது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறான்.

(நிஜ வாழ்க்கையில் சாப்ளின் இப்படி விலகிப் போகவில்லை! 1943-ல் தமது 54-வது வயதில் 18 வயது ஊனாவை மணந்தார். கடைசி வரை ஒற்றுமையாகவே வாழ்ந்தார்கள். நெவிலாக நடித்திருப்பவர் சாப்ளினின் சொந்த மகன் சிட்னி.)

உதவி நாடகம்

வீட்டை விட்டுப் போன கல்வேரோ எங்கே போனான்? தெருவுக்குப் போனான். முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு, வாத்தியக்காரர்களோடு சேர்ந்து, சாராயக் கடை வாசலில் பாடித் தொப்பியை நீட்டிக் காசு வாங்குகிறான்.

பழைய முதலாளியும் நெவிலும் அங்கே அவனைப் பார்த்துவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் சங்கடம். கல்வேரோவுக்கு இல்லை! தெருவில் ஆடுவது தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறான். தொப்பியை அவர்களிடமும் நீட்டுகிறான்.

இந்த இடத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

டெர்ரி உட்கார வைத்துச் சோறு போடுவாள். அதை ஏற்க அவன் மனம் ஒப்பவில்லை. முதலாளி இரக்கப்பட்டு வேலையில் வைத்துக்கொள்வார். அதையும் அவன் விரும்பவில்லை. ஆனால் தெருவில் போகிறவன் எறிகிற செப்புக் காசை வாங்குகிறான். ஏன்? அது பாட்டுக்குக் கிடைத்த காசு. பிடித்தவன் போடுகிறான், பிடிக்காதவன் போகிறான். ஐந்து வயதுப் பையன் ஆல்டர்ஷாட் மேடையில் குனிந்து பொறுக்கிய காசும் அதே ஜாதிதான்.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். தெருவில் பாடுகிறவனைப் பிச்சைக்காரன் என்கிறோம். மேடைக்கு அழைத்து, சால்வை போட்டு, பண முடிப்புக் கொடுத்தால் கௌரவம் என்கிறோம். முடிப்பு வாங்குகிறவர் அதற்குமுன் பத்து நிமிடம் பாடட்டுமே, ஆடட்டுமே என்று நினைப்பது உண்டா? பாவம், வயதாகிவிட்டது, உட்காரட்டும் என்கிறோம். அவருடைய வேலையை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டு, அந்தக் கையிலேயே பணத்தை வைக்கிறோம்.

நமக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் கல்வேரோ என்ன கேட்டான் தெரியுமா?

டெர்ரி அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்காக ஒரு உதவி நாடகம் நடத்த ஏற்பாடு ஆகிறது. நகரத்துப் பெரிய நடிகர்கள் எல்லோரும் வருவார்கள். வசூல் அவனுக்கு. கல்வேரோ சம்மதிக்கிறான். பணத்துக்காக அல்ல. தான் இன்னும் தீர்ந்து போகவில்லை என்று காட்ட வேண்டும். கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து புதிதாக ஒரு வேடிக்கை தயார் செய்து வைத்திருக்கிறேன் என்கிறான்.

அவன் கேட்டது மேடை.

இரண்டு கிழவர்கள்

அந்தக் கூட்டாளியாக நடித்தவர் பஸ்டர் கீட்டன். ஊமைப் படக் காலத்தில் சாப்ளினுக்குச் சமமாகப் பேசப்பட்டவர். முகத்தில் சிரிப்பே இல்லாமல் உலகத்தைச் சிரிக்க வைத்தவர். அவர் 1926-ல் எடுத்த "தி ஜெனரல்" படத்தை இன்றைக்கும் பாராட்டுகிறார்கள். ஆனால் 1928-ல் ஒரு பெரிய படக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து சுதந்திரத்தை இழந்தார். குடிப் பழக்கம் சேர்ந்தது. 1933-ல் வேலை போயிற்று. பிற்பாடு அதே கம்பெனியில், மற்ற நடிகர்களுக்குச் சிரிப்புக் காட்சிகள் யோசித்துக் கொடுக்கும் ஆளாகக் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தார். கல்வேரோவின் கதை கீட்டனின் கதையும்தான்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து நடித்த ஒரே படம் இதுதான். சாப்ளின் பிடில். கீட்டன் பியானோ. வாசிக்க ஆரம்பித்தால்தானே! கீட்டனின் பாட்டுக் காகிதங்கள் சரிந்து சரிந்து விழுகின்றன. சாப்ளினின் கால் ஒன்று கால்சட்டைக்குள் சுருங்கிச் சுருங்கி மேலே போகிறது. உதறினால் நீளுகிறது. பியானோவின் கம்பிகள் அறுந்து சுருள் சுருளாகக் கிளம்புகின்றன. பிடில் காலில் மிதிபட்டு மாட்டிக்கொள்கிறது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முழுவதும் பேசிய சாப்ளின், கடைசியில் பழைய ஊமைப் படத்துக்கே போய்விட்டார்!

கீட்டன் நன்றாகச் செய்த இடங்களைச் சாப்ளின் பொறாமையால் வெட்டிவிட்டார் என்று ஒரு வதந்தி உண்டு. உடன் இருந்தவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் கீட்டன் சோடை போனதாகத் தெரியவில்லை. அவருக்குச் சாப்ளின் கொடுத்தது நிதி அல்ல. வேலை.

ஆட்டத்தின் முடிவில் கல்வேரோ மேடையிலிருந்து வாத்தியக்காரர்கள் பக்கம் விழுந்து, பெரிய முரசுக்குள் மாட்டிக்கொள்கிறான். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். முரசோடு அவனைத் தூக்கி வருகிறார்கள். முரசுக்குள் உட்கார்ந்தபடியே நன்றி சொல்கிறான். இன்னும் ஆடுவேன், ஆனால் மாட்டிக்கொண்டுவிட்டேன் என்கிறான். மேலும் சிரிப்பு.

அவன் நெஞ்சு நின்றுகொண்டிருக்கிறது என்பது ஜனங்களுக்குத் தெரியாது.

மேடை ஓரத்துக்கு என்னைக் கொண்டுபோங்கள், டெர்ரி ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறான். கொண்டுபோகிறார்கள். அவள் ஆடுகிறாள். அவன் கண் மூடுகிறது. துணியால் மூடுகிறார்கள். அவளுக்குத் தெரியாது. சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே இருக்கிறாள். வெளிச்சம் இப்போது அவள்மேல்.

கப்பல் நடுக்கடலில்...

கல்வேரோவை விட்டு ஜனங்கள் எழுந்து போனது கற்பனை. சாப்ளினுக்கு நடந்தது நிஜம்.

இந்தப் படத்தின் முதல் காட்சிக்காக 1952 செப்டம்பரில் சாப்ளின் குடும்பத்தோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அமெரிக்காவில் சுமார் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும், அந்த நாட்டுக் குடிமகனாக ஆகாதவர். கம்யூனிஸ்டு அனுதாபி என்று அங்கே அவர்மேல் ஒரு கூட்டத்துக்குக் கோபம். கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அரசாங்கம் ரத்து செய்துவிட்டது!

லண்டனில் அக்டோபர் 16-ந் தேதி படம் வெளியாகிப் பாராட்டுப் பெற்றது. அமெரிக்காவில் படத்தைக் காட்டக் கூடாது என்று கிளர்ச்சி நடந்தது. பல கொட்டகைகள் படத்தை எடுத்துவிட்டன. சாப்ளின் வாழ்ந்து படம் எடுத்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் படம் முறையாகத் திரையிடப்படவே இல்லை. சாப்ளின் ஸ்விட்சர்லாந்தில் குடியேறினார். 1977-ல் கிறிஸ்துமஸ் அன்று அங்கேயே காலமானார்.

அதற்குமுன் ஒரே ஒரு தடவை அமெரிக்கா அவரைக் கூப்பிட்டது. 1972 ஏப்ரலில் கௌரவ ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். சபை முழுவதும் எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டியது. கிழவர் கண் கலங்கினார். பேச நா எழவில்லை.

அது பெரிய கௌரவம்தான். ஆனாலும், கல்வேரோவுக்கு நடந்ததே, அந்த உதவி நாடகம்போலத்தான் அது நமக்குப் படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்னால் சாத்திய கதவுக்கு வருத்தம் தெரிவிக்கும் கைதட்டல்.

ஆனால் அதே ஆண்டு இன்னொன்று நடந்தது. இருபது ஆண்டுகளாக முடங்கிக் கிடந்த "லைம்லைட்" படம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வந்தது. அங்கே திரையிட்டால்தான் ஆஸ்கார் போட்டிக்குப் போக முடியும் என்பது அப்போது இருந்த விதி. ஆகவே 1952-ம் ஆண்டுப் படம் 1972-ம் ஆண்டுப் படங்களோடு போட்டி போட்டது! 1973 மார்ச்சில் முடிவு தெரிந்தது. சிறந்த பின்னணி இசைக்கான பரிசு சாப்ளினுக்கும், இசையில் அவருக்கு உதவிய இருவருக்கும் கிடைத்தது.

கௌரவப் பரிசுகள் அவருக்கு இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள். போட்டியில் ஜெயித்து அவர் வாங்கிய ஆஸ்கார் அந்த ஒன்றுதான். அப்போது அவருக்கு வயது 83.